அடுக்குமாடித் தளங்களில் நீர்க்கசிவும் காங்கிரீட் சிதைவும்: அறிகுறி வாரியாகப் பழுது கண்டறியும் வழிமுறை

கூரையில் ஈரத்திட்டு தெரிந்தவுடன் நேர்மேலே இருக்கும் வீட்டின் கதவைத் தட்டுவதுதான் வழக்கம். பல வேளைகளில் அது சரியான கதவாகவே இருக்கிறது. சில வேளைகளில் வீண் மனக்கசப்பை மட்டும் மிச்சம் வைக்கிறது. தளத்தின்மேல் தேங்கும் நீர் நேர்கோட்டில் கீழே இறங்குவதில்லை. டைல்ஸுக்கு அடியிலுள்ள சாந்துப் படுகையில் பரவி, தளத்துக்குள் புதைந்த மின்கம்பிக் குழாய்களில் ஓடி, எங்கே ஒரு மெல்லிய விரிசலோ, ஒரு நாள் வார்ப்பும் மறுநாள் வார்ப்பும் சந்திக்கும் இணைப்போ குறுக்கிடுகிறதோ அங்கே தலைகாட்டுகிறது. சில மீட்டர் தள்ளியிருக்கும் குளியலறையின் நீர் கூடத்து மின்விசிறிக் கொக்கியில் சொட்டுவதில் வியப்பு எதுவும் இல்லை.

எனவே இந்த வழிமுறை ஈரம் தெரியும் இடத்தைவிட, ஈரம் கூடும் நேரத்துக்கே முதலிடம் தருகிறது. அதோடு இரண்டு கேள்விகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்: நீர் எங்கிருந்து வருகிறது என்பது ஒன்று, வந்த நீர் உள்ளிருக்கும் கம்பியை எவ்வளவு தின்றிருக்கிறது என்பது மற்றொன்று. முதலாவதற்குப் பொறுமையும் ஒரு பிளம்பரும் போதும். இரண்டாவதற்குக் கட்டமைப்புப் பொறியாளர் தேவைப்படலாம். இரண்டுக்கும் சேர்த்து ஒரு டப்பா வாட்டர் புரூஃப் பெயின்டை விடையாகக் கொண்ட கூரைகளைத்தான் சில ஆண்டுகளுக்குப் பின் கடப்பாரையோடு திறக்க நேர்கிறது.

எந்தச் சோதனையும் செய்யாமல் உடனே விலக வேண்டிய நிலைகள்

விளக்கு, மின்விசிறி, சுவிட்ச் பெட்டி ஆகியவற்றின் வழியாக நீர் சொட்டினால், அந்தச் சுற்றின் மின்சாரத்தை மெயின் பலகையில் நிறுத்திய பிறகே அருகில் செல்ல வேண்டும். தளம் கண்ணுக்குத் தெரியும்படி தொய்ந்திருந்தால், விரிசல் ஒரே நாளில் அகன்றால், தூணைச் சுற்றி வட்டமாக விரிசல் விட்டிருந்தால், காங்கிரீட்டிலிருந்து வெடிக்கும் ஒலி கேட்டால், அந்த அறையிலிருந்தும் அதன் மேலும் கீழும் உள்ள அறைகளிலிருந்தும் ஆட்களை வெளியேற்றிவிட்டுப் பொறியாளரை அழைக்க வேண்டும். கீழே சொல்லப்படும் எதுவும் இந்த நிலைகளுக்குப் பொருந்தாது.

அறிகுறி: கூரையில் ஈரத்திட்டு, சொட்டுநீர்

முதல் வேலை, பென்சிலால் திட்டின் எல்லையை வரைந்து, கோட்டின் அருகே நாளையும் நேரத்தையும் எழுதுவது. காலை, நண்பகல், இரவு என ஒரு வாரம் இதைத் தொடர்ந்து, மேல்வீட்டில் குளித்த நேரம், துணி துவைத்த நேரம், மழை பெய்த நேரம் ஆகியவற்றைத் தனித்தாளில் குறித்துவரவும். இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் டைல்ஸை உடைத்துத் தேடும் வேலையில் பாதி இந்தத் தாளிலேயே முடிந்துவிடும்.

மேல்வீடு பூட்டியிருந்தும் ஈரம் குறையவில்லை என்றால், அழுத்தத்தில் இருக்கும் விநியோகக் குழாயின் மீதே முதல் சந்தேகம் விழ வேண்டும். அந்தக் குழாயில் நீர் எந்நேரமும் நிற்பதால் கசிவுக்கு ஓய்வு கிடையாது. எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு நீர்மானியைப் பார்க்கவும். முள் நகர்ந்தால் நீர் எங்கோ வெளியேறுகிறது. மானி இல்லாத கட்டடத்தில், அந்த வீட்டுக்கு வரும் வால்வை ஓரிரவு முழுவதும் மூடி, மறுநாள் காலை திட்டின் எல்லையை ஒப்பிடலாம். தளத்தின் ஈரம் ஓரிரவில் வற்றிவிடாது என்பதால், திட்டு சுருங்கவில்லை என்பதற்காகக் குழாயைக் குற்றமற்றதாக அறிவிக்கக் கூடாது. சொட்டு நின்றதா, அதன் இடைவெளி நீண்டதா என்பதையே கவனிக்க வேண்டும். சுடுநீர்க் குழாயில் கசிவு இருந்தால், அதன் மேலுள்ள டைல்ஸ் வெறுங்காலுக்கு வெதுவெதுப்பாகத் தெரிவதும் உண்டு.

குளியலுக்குப் பின் சில மணி நேரத்தில் ஈரம் கூடி, பிறகு தணிந்தால், குற்றவாளி கழிவுநீர்க் குழாயாகவோ, தரையாகவோ, சுவர் டைல்ஸ் இணைப்பாகவோ இருக்கலாம். இம்மூன்றையும் பிரித்தறியாமல் முழுக் குளியலறையையும் உடைப்பது பரவலாகச் செய்யப்படும் தவறு. முதல் நாள், தரையை நனைக்காமல் ஒரு குழாயைச் செருகி, தரைவடிகாலின் ட்ராப்புக்குள் (நாற்றம் மேலே வராமல் எப்போதும் சிறிது நீர் நிற்கும் வளைவுப் பகுதி) மட்டும் சில வாளி நீரை ஊற்றிக் காத்திருக்கவும். கீழே ஈரம் கூடினால் கசிவு ட்ராப்பிலோ அதற்குக் கீழுள்ள இணைப்பிலோ இருக்கிறது. கூடவில்லை என்றால் ஓரிரு நாள் விட்டு, ட்ராப்பை அடைத்து, வாசற்படியில் சிறு வரம்பு கட்டி, தரையில் 25 முதல் 50 மில்லிமீட்டர் வரை நீரை 24 மணி நேரம் தேக்கி வைக்கவும். நீர்மட்டத்தைச் சுவரில் குறிக்கும்போதே, ஒரு வாளியில் நீர் நிரப்பி அதே அறையில் வைத்து அதன் மட்டத்தையும் குறித்துக்கொள்வது நல்லது. வாளியில் குறைந்த அளவு ஆவியானது. தரையில் அதற்கு மேல் குறைந்த அளவு உள்ளே போனது. மூன்றாவது சோதனையில், தரையில் நீர் நிற்காதபடி துணியால் ஏந்திக்கொண்டு, ஷவரைச் சுவரின் மீது மட்டும் அடிக்க வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் நடுவே கூரை பழைய நிலைக்குத் திரும்ப நேரம் தராவிட்டால் மூன்றின் விடைகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட குளியலறைகள் மேல் சந்தேகம் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு உணவுநிறத்தைக் கரைத்து ஊற்றலாம். ஆனால் நிறம் சாந்திலேயே வடிகட்டப்பட்டு நிற்பதும் உண்டு என்பதால், நிறம் வெளிவந்தால் அது உறுதியான சான்று, வராவிட்டால் அது எதற்கும் சான்று ஆகாது.

குளியலறைத் தளத்தைச் சுற்றியுள்ள தளத்தைவிடத் தாழ்வாக வார்த்து, அந்தப் பள்ளத்தை உடைந்த செங்கல்லாலும் மணலாலும் நிரப்பியிருக்கும் கட்டடங்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அந்த நிரப்பு ஒரு மறைவான தொட்டி. அதில் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்த நீர், கசிவை அடைத்த பின்பும் வாரக்கணக்கில் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். வேலை தோற்றுவிட்டது என்று கருதி பிளம்பரோடு சண்டை பிடிப்பவர்கள் பலர். அந்தப் பள்ளத்தின் அடியில் வடிகுழாய் ஒன்று வைக்கப்பட்டிருந்தால், அதன் வாயில் நீர் வருகிறதா என்று பார்ப்பது உடைப்பதற்கு முன் செய்ய வேண்டிய எளிய சோதனை.

மழையோடு மட்டும் ஈரம் வந்தால் குளியலறையை விட்டுவிட்டு வெளிச்சுவர், சன்னல் அடிப்பலகை, பால்கனி, மொட்டைமாடி ஆகியவற்றை நோக்க வேண்டும். எந்தத் திசைக் காற்றோடு பெய்த மழைக்கு ஈரம் வந்தது என்பதையும் தாளில் சேர்த்துக்கொண்டால், எந்தச் சுவர் என்பது தானே தெளிவாகும்.

இவை எதனோடும் பொருந்தாமல், குளிர்ச்சியான மூலைகளில் மட்டும் பூஞ்சை படிந்தால், அது காற்றின் ஈரம் குளிர்ந்த பரப்பில் படிவதாக இருக்கலாம். அரை மீட்டர் சதுரமுள்ள தெளிவான பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரங்களிலும் ஒட்டி ஒரு நாள் விடவும். தாளுக்கு உட்புறம் துளிகள் படிந்தால் ஈரம் காங்கிரீட்டிலிருந்து வருகிறது. அறைப் பக்கம் படிந்தால் அது அறைக்காற்றின் ஈரம். இந்த இரண்டாவது நிலையில் தேவைப்படுவது காற்றோட்டம் மட்டுமே.

அறிகுறி: வெண்ணிறப் படிவு, கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்புக் குச்சிகள்

வெண்மை எல்லாம் ஒன்றல்ல. ஈரத் துணியால் துடைத்தால் கரைந்து போவது, செங்கல்லிலோ மணலிலோ இருந்து நீரோடு வந்து பரப்பில் உலர்ந்த உப்பு. துடைத்தால் போகாமல், வினிகர் விட்டால் நுரைப்பது கால்சியம் கார்பனேட். இரண்டாவதன் பொருள் ஆழமானது. சிமென்ட் நீருடன் வினைபுரியும்போது காங்கிரீட்டுக்குள் உருவாகும் கால்சியம் ஹைட்ராக்சைடு, லிட்டருக்கு ஏறத்தாழ 1.7 கிராம் வரை நீரில் கரையும். தளத்தின் ஊடே வரும் நீர் அதைச் சுமந்துவந்து, அடிப்பரப்பில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைச் சந்திக்கும்போது கரையாத கார்பனேட்டாக விட்டுச் செல்கிறது. ஆகவே இந்தப் படிவு இருந்தால், நீர் பூச்சுக்குள் மட்டும் சுற்றிவரவில்லை, காங்கிரீட்டையே ஊடுருவி வருகிறது என்று பொருள்.

படிவின் வடிவத்தைப் படிக்கவும். நேர்க்கோடாக இருந்தால் விரிசல் அல்லது வார்ப்பு இணைப்பு. குழாயைச் சுற்றி வளையமாக இருந்தால், குழாய் தளத்தைத் துளைக்கும் இடத்தில் அடைப்பு சரியில்லை. ஒரே இடத்தில் திட்டுத்திட்டாக நுண்துளைகளோடு இருந்தால், வார்க்கும்போது காங்கிரீட் சரியாக இறுகாமல் தேன்கூடு போல் நின்ற பகுதி. மெல்லிய விரிசல்களில் இந்தக் கார்பனேட்டே வழியை அடைத்துக் கசிவைத் தானாக நிறுத்திவிடுவதும் உண்டு. அப்படி நின்றுபோன பழைய படிவைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வருகிறதா என்று பார்த்தால் போதும். குச்சி போலத் தொங்குபவை, நீர் நெடுங்காலம் மெதுவாகச் சொட்டிவந்ததற்கான அடையாளம். அந்தச் சொட்டு கடுமையான காரத்தன்மை கொண்டது. வாகன நிறுத்துமிடத்தில் காரின் பெயின்டில் அழியாத புள்ளிகளை வைப்பது அதுவே.

வெண்படிவு மட்டும் இருந்தால் அவசரம் இல்லை. வெண்மைக்குள் பழுப்பு கலந்திருந்தால் பழுப்புக் கறை பற்றிய பகுதிக்குச் செல்லவும்.

அறிகுறி: பூச்சு உப்பி உதிர்கிறது

விழுந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்க்கவும். மணலும் சிமென்டும் மட்டும் இருந்தால் விழுந்தது பூச்சு. ஜல்லி ஒட்டியிருந்தால் விழுந்தது காங்கிரீட். பூச்சு மட்டும் என்றால், பெரும்பாலும் வழவழப்பான தளத்தில் கொத்திவிடாமல் பூசியதும் பின்னர் வந்த ஈரமும் காரணம். நீரை நிறுத்தி, உலரவிட்டு, மீண்டும் பூசலாம். ஆனால் பூசுவதற்கு முன், வெளிப்பட்ட காங்கிரீட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கத் தவறக் கூடாது. மறுபடி மூடிவிட்டால் அந்த வாய்ப்பு அடுத்த முறை விழும்வரை கிடைக்காது.

அறிகுறி: பழுப்புக் கறை, கம்பியின் வழியே ஓடும் விரிசல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால், அது இதுவாக இருக்கட்டும்.

நல்ல காங்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிப்பதில்லை. அங்குள்ள நுண்துளை நீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். மதிப்பு 12.5-க்கு மேல் இருப்பதால், எஃகின் மீது மிக மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி அதைக் காக்கிறது. இந்தக் காவலை உடைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மெல்ல உள்ளே நுழைந்து காரத்தன்மையைத் தின்று, பி.எச். மதிப்பை 9-க்குக் கீழே கொண்டுவருவது. இந்த ஊடுருவலின் ஆழம் ஏறத்தாழ காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும். அதாவது பத்து ஆண்டில் 10 மில்லிமீட்டர் சென்றால், 20 மில்லிமீட்டர் செல்ல நாற்பது ஆண்டுகள் ஆகும். கம்பிக்கு வெளியே இருக்கும் காங்கிரீட் உறையை, களத்தில் கவர் என்று சொல்லப்படுவதை, பாதியாகக் குறைத்துவிட்டால் ஆயுள் பாதியாக அல்ல, நான்கில் ஒன்றாகிவிடுகிறது என்பதும் இதே கணக்குதான். 20 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில், கம்பியைத் தாங்கும் கவர் கட்டைகள் நழுவியதால் 8 மில்லிமீட்டரே அமைந்த தளங்கள் அரிதானவை அல்ல.

மற்றொரு வழி, குளோரைடு உப்பு. கழுவப்படாத கடல் மணல், உவர் நீர், கடற்காற்று, பனியுருக்க இடப்படும் உப்பு, பழைய கட்டடங்களில் விரைவில் இறுக வேண்டுமென்று கலக்கப்பட்ட கால்சியம் குளோரைடு என அது பல வாயில்களில் வருகிறது. சிமென்டின் எடையில் ஏறத்தாழ 0.4 விழுக்காட்டைத் தாண்டினால், காரத்தன்மை குறையாமலேயே படலம் ஆங்காங்கே உடைந்து, கம்பியில் குழி குழியாக அரிப்பு தொடங்குகிறது. இது வஞ்சகமான வகை: வெளியே பெரிய கறையோ பெயர்வோ இல்லாமல், கம்பியின் ஒரு புள்ளியில் மட்டும் கனம் போய்விடலாம்.

காவல் உடைந்த பிறகு அரிப்புக்கு நீரும் ஆக்சிஜனும் சேர்ந்து வேண்டும். எப்போதும் மூழ்கியிருக்கும் காங்கிரீட்டில் ஆக்சிஜன் குறைவு. எப்போதும் உலர்ந்திருப்பதில் நீர் இல்லை. நனைந்து உலர்ந்து மீண்டும் நனையும் இடம்தான் மிக மோசமானது, அடுக்குமாடிக் குளியலறைத் தளமும் பால்கனியும் சரியாக அப்படித்தான் நடத்தப்படுகின்றன. துரு தான் உண்ட இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்தத் தள்ளலைக் காங்கிரீட்டின் இழுவலிமை தாங்காது. முதலில் கம்பியின் வழியே விரிசல், பின்னர் உள்ளுக்குள் பிளந்த அடுக்கு, கடைசியாகப் பெயர்வு.

ஆகவே விரிசலின் திசையே நோயின் பெயரைச் சொல்லும். 100 முதல் 200 மில்லிமீட்டர் இடைவெளியில் இணையாக ஓடும் விரிசல்கள் கம்பிகளின் இடைவெளியையே வரைந்து காட்டுகின்றன. அவை துருவின் வேலை. வலைபோல் பரவிய மெல்லிய விரிசல் பூச்சின் சுருக்கமாக இருக்கலாம். அதுவே காங்கிரீட்டில் ஆழமாக இருந்து பிசுபிசுப்பான கசிவும் தெரிந்தால், ஜல்லியிலுள்ள சிலிக்கா காரத்துடன் வினைபுரிந்து ஈரத்தில் விரிவடைவதாக இருக்கலாம், அதை ஆய்வகத்தில்தான் உறுதிசெய்ய முடியும். ஒற்றை விரிசல் விளக்குப் புள்ளியை நோக்கி நேராகச் சென்றால் அடியில் மின்கம்பிக் குழாய் இருக்கிறது. அறையின் நடுவில் குறுக்காக விழுந்த விரிசலின் அகலம் 0.3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், அல்லது மாதந்தோறும் வளர்ந்தால், அது சுமை பற்றிய கேள்வி.

அடுத்து, சுத்தியல். 200 அல்லது 300 கிராம் எடையுள்ள சிறிய சுத்தியலால், தலைக்கவசமும் கண்ணாடியும் அணிந்து, நேர்கீழே நிற்காமல் சற்று ஒதுங்கி நின்று, ஒரு சாண் இடைவெளியில் கூரையைத் தட்டவும். நல்ல காங்கிரீட் கணீரென்று ஒலிக்கும். உள்ளே அடுக்குப் பிரிந்த இடம் பொக்கையாக, தகரம் போல ஒலிக்கும். பொக்கை ஒலித்த பகுதிகளின் எல்லையைச் சாக்பீஸால் வரைந்தால், கண்ணுக்குத் தெரிந்த சேதத்தைவிட அந்த வரைபடம் பெரிதாக இருப்பதையே வழக்கமாகக் காணலாம். பழுதுவேலைக்கான விலைப்பேச்சு இந்த வரைபடத்திலிருந்து தொடங்க வேண்டும். விழுந்த துண்டின் அளவிலிருந்து தொடங்கினால், வேலை நடுவில் தொகை பெருகுவதைத் தவிர்க்க முடியாது.

பொறியாளர் வந்தால் செய்யக்கூடிய சோதனைகளையும் அறிந்து வைத்திருப்பது நல்லது. புதிதாக உடைத்த முகத்தில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை மிஞ்சியிருக்கும் பகுதி இளஞ்சிவப்பாக மாறும், இழந்த பகுதி நிறமற்று நிற்கும்; நிறமற்ற ஆழம் கம்பியை எட்டிவிட்டதா என்பதே கேள்வி. உடைத்து நெடுநேரம் ஆன முகத்திலும், துளைத்த தூள் படிந்த முகத்திலும் இது பொய்யான விடை தரும். குளோரைடுக்கு, வெவ்வேறு ஆழங்களில் துளைத்து எடுத்த தூளை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அரைமின்கல மின்னழுத்தச் சோதனையில் தாமிரம்–தாமிர சல்பேட் மின்முனையைக் கொண்டு அளக்கும்போது மைனஸ் 350 மில்லிவோல்ட்டைவிட எதிர்மறையாக வந்தால், அரிப்பு நடந்துகொண்டிருக்க 90 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு உண்டு. மைனஸ் 200-ஐவிட நேர்மறையாக வந்தால் நடக்கவில்லை என்பதற்கு அதே அளவு வாய்ப்பு. இடைப்பட்டதற்கு விடை கிடையாது.

அறிகுறி: காங்கிரீட் பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது

இங்கே செய்யப்படும் மிகப் பொதுவான வேலை, துருவைக் கம்பித் தூரிகையால் மேலோட்டமாகத் தேய்த்து, சிமென்ட் சாந்தை அப்பி, வெள்ளையடிப்பது. அது சில மாதங்களுக்குப் பழுதின் தோற்றத்தை மட்டும் மறைக்கிறது.

வரிசை முக்கியம். மேலே நீர் நிற்காதவரை கீழே எதையும் தொடக் கூடாது. நீர் நின்றபின், தளத்துக்கு முட்டு கொடுக்க வேண்டும். ஒரு மாடியில் வைத்த முட்டின் சுமை அடுத்த மாடித் தளத்தின் தலையில் இறங்கும் என்பதால், எத்தனை மாடிக்குக் கீழே வரை முட்டு வைப்பது என்பதைப் பொறியாளர் சொல்ல வேண்டும். பிறகு பொக்கையான காங்கிரீட் முழுவதையும் நீக்கி, துருப்பிடித்த கம்பியைச் சுற்றிலும் விரல் நுழையும்படி, அதன் பின்புறம் 20 மில்லிமீட்டரேனும் இடைவெளி தெரியுமாறு குடைய வேண்டும். துரு கம்பியின் பின்முகத்திலும் இருக்கிறது; முன்முகத்தை மட்டும் பளபளப்பாக்குவதில் பயனில்லை. கம்பியின் நீளவாக்கில், துருவற்ற எஃகு தெரியும்வரை குடைவு தொடர வேண்டும்.

சுத்தம் செய்தபின் கம்பியின் விட்டத்தை அளக்கவும். குறுக்குப் பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால், பக்கத்தில் புதிய கம்பி சேர்த்துப் போதிய நீளம் மேற்பொருத்த வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் வரம்பு. பரப்பைக் கணக்கிடும்போது கண்ணை நம்பக் கூடாது: 8 மில்லிமீட்டர் கம்பி 7 ஆகக் குறைந்தாலே, பரப்பில் ஏறக்குறைய 23 விழுக்காடு போய்விட்டது. அதன்பின் துத்தநாகம் செறிந்த பூச்சு, பழைய காங்கிரீட்டோடு பிடிப்பு ஏற்படுத்தும் பூச்சு, பாலிமர் கலந்த பழுதுச் சாந்து என அடுக்கடுக்காக வந்து, உலராமல் நனைத்துப் பதப்படுத்துவதோடு வேலை முடிகிறது.

குளோரைடு உள்ள தளத்தில் ஓர் எச்சரிக்கை. பழுதுபார்த்த இடம் காக்கப்பட்டதாக மாறும்போது, அதுவரை அந்த இடத்தின் அரிப்பால் தற்காலிகமாகத் தப்பியிருந்த சுற்றுப்புறக் கம்பி அரிக்கத் தொடங்கும். ஒட்டுப்போட்ட திட்டைச் சுற்றி ஓரிரு ஆண்டில் வளையமாகப் புதிய விரிசல் வந்தால், கொத்தனாரின் கைவேலையைக் குறை சொல்வதற்கு முன் உப்பைச் சோதிக்க வேண்டும். கம்பிக்குப் பதிலாகத் தாமே அரிபட்டுப் போகும், துத்தநாகத்தாலான பலிகொடுக்கும் மின்முனைகளை ஒட்டின் ஓரங்களில் பதிப்பது இதற்கான பரிகாரங்களில் ஒன்று.

கசியும் விரிசலுக்குள் மருந்து செலுத்துவது பற்றியும் குழப்பம் நிலவுகிறது. ஈரமான, நீர் ஓடிக்கொண்டிருக்கும் விரிசலை அடைக்க நீரோடு வினைபுரிந்து நுரைக்கும் பாலியூரித்தேன் ஏற்றது. ஆனால் அது வலிமையைத் திருப்பித் தருவதில்லை. உலர்ந்த, இனி அசையாத விரிசலை ஒட்டி வலிமை தருவது எப்பாக்சி. கட்டடத்தின் தளம் இழுவிசைக் கம்பிவடங்களால் இறுக்கப்பட்ட வகையாக இருந்தால், செலுத்துவதற்கான துளையைக்கூடக் கருவியால் உள்ளே பார்க்காமல் போடக் கூடாது.

அறிகுறி: பால்கனியின் மேற்புறத்தில், சுவரை ஒட்டிய விரிசல்

பால்கனியைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அறைத்தளத்தில் முதன்மைக் கம்பி அடியில் இருக்கும். அது கெட்டால் கீழே இருப்பவர் பார்க்கிறார். ஒருபுறம் மட்டும் பிடிமானம் கொண்டு நீட்டி நிற்கும் கான்டிலீவர் பால்கனியில் முதன்மைக் கம்பி மேற்புறத்தில், டைல்ஸுக்கு அடியில் இருக்கிறது. மழைநீர் நேராக அதன் மேல் இறங்குகிறது. கீழிருந்து பார்த்தால் எல்லாம் நன்றாகவே தெரியும். வார்க்கும்போது ஆட்கள் மேல்கம்பியை மிதித்துத் தாழ்த்திவிட்டால், கனத்தின் பெரும்பகுதி பயனற்றுப் போவதோடு, சுவர் ஓரத்தில் மேற்புற விரிசலும் விரைவில் வரும்.

சுவரும் பால்கனித் தரையும் சேரும் கோட்டில் டைல்ஸ் இணைப்பு பிளந்திருந்தால், அதில் சாந்து அடைப்பதற்கு முன் ஒரு டைல்ஸை எடுத்து அடியில் காங்கிரீட்டிலும் அதே கோடு ஓடுகிறதா என்று பார்க்கவும். ஓடினால், தொட்டிச் செடி, சலவை இயந்திரம், நீர்த்தொட்டி அனைத்தையும் அகற்றி, ஆட்கள் கூடுவதை நிறுத்தி, பொறியாளரை அழைக்க வேண்டும். நீர் உள்பக்கமாகச் சாய்ந்து சுவர் ஓரத்தில் தேங்கும் பால்கனியில், சாய்வைத் திருத்தாமல் எந்த நீர்த்தடுப்புப் பூச்சும் நிலைக்காது. சாய்வை உயர்த்தச் சாந்தை மேலே மேலே ஏற்றுவதும் சரியன்று. ஒவ்வொரு சென்டிமீட்டர் சாந்தும் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 20 கிலோகிராம் கூடுதல் சுமை.

அறிகுறி: தரை டைல்ஸ் கூடாரம் போல் எழும்புகிறது

பெரும்பாலும் இது காங்கிரீட் நோய் அன்று. விரிவதற்கு ஓரங்களில் இடைவெளி விடாமல் நெருக்கிப் பதித்த டைல்ஸ், ஈரத்தாலும் வெப்பத்தாலும் விரிந்து ஒன்றையொன்று நெருக்கி எழும்புகிறது. அடியில் ஈரம் இருந்தால் மட்டும் ஈரத்திட்டு பற்றிய பகுதிக்குத் திரும்பவும்.

அறிகுறி: வாகன நிறுத்துமிடக் கூரையில் கசிவு, மேலே தோட்டம் அல்லது நீச்சல்குளம்

யாருடைய வீட்டுக்கும் கீழே இல்லாததால் யாரும் புகார் செய்யாத கசிவு இது. ஆண்டுக்கணக்கில் வாளி வைத்துச் சமாளிக்கப்படுவதும் இதுவே. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சர்ஃப்சைடு நகரில் 2021 ஜூன் 24 அன்று சரிந்து 98 பேர் உயிரிழந்த சாம்ப்ளைன் டவர்ஸ் சவுத் கட்டடத்தில், நீச்சல்குளத் தளத்தின் நீர்த்தடுப்பு அடுக்கு கெட்டுவிட்டதையும், அது சாய்வின்றித் தட்டையான தளத்தின்மேல் இடப்பட்டதால் நீர் வடிய வழியில்லாததையும் 2018-ஆம் ஆண்டிலேயே ஒரு பொறியாளர் அறிக்கை குறிப்பிட்டிருந்தது. அந்தச் சரிவுக்கு நீர் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது, வடிவமைப்பிலேயே வலிமைக் குறைவு இருந்ததும் விசாரணையில் தெரியவந்தது; ஆயினும் வலிமை குறைவாகக் கட்டப்பட்ட தளத்தில் அரிப்பும் கூடுதல் மண்சுமையும் சேர்ந்தால், எஞ்சியிருக்கும் பாதுகாப்பு மிகச் சிறியது என்பதை அது காட்டுகிறது.

இத்தகைய தளத்தில் தூணின் தலையைச் சுற்றியே முதலில் பார்க்க வேண்டும். உத்திரம் இல்லாமல் தட்டைத் தளம் நேராகத் தூணின்மேல் அமர்ந்திருந்தால், தூண் தளத்தைத் துளைத்துக்கொண்டு போகும் வகைச் சிதைவு முன்னறிவிப்பு அதிகம் தராது. மேலே தோட்டம் இருந்தால், பின்னாளில் ஏற்றிய மண்ணின் ஆழத்தையும் அளந்துகொள்ளவும். நனைந்த மண் கனமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டு டன் வரை எடை கொண்டது. இந்தக் கசிவை அடியிலிருந்து அடைப்பது தளத்துக்குள் நீரைச் சிறைவைப்பதே. மண்ணையும் பாவுகல்லையும் நீக்கி, சாய்வும் வடிகாலும் அமைத்து, மேலிருந்து நீர்த்தடுப்பு இடுவதைத் தவிர இதற்குச் சுருக்குவழி இல்லை.

அறிகுறி: பழுதுபார்த்த பின்பும் ஈரம் போகவில்லை

காங்கிரீட் மெதுவாக உலரும் பொருள். நல்ல காற்றோட்டத்தில்கூட 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் என்பது களத்தில் வைத்துக்கொள்ளும் மதிப்பீடு. 125 மில்லிமீட்டர் தளம், அதன் மேல் சாந்து, நிரப்பு என்றால் ஒரு பருவமே ஆகலாம். எனவே பழைய பென்சில் கோட்டுக்கே திரும்பவும். வாரம் ஒருமுறை எல்லையை மறுபடி வரைந்து, அது சுருங்கிக்கொண்டே வந்தால் காத்திருக்கவும்; நான்கைந்து வாரம் அசையாமல் நின்றால், தேக்குச் சோதனையை முதலிலிருந்து செய்யவும்; சுருங்கியது மீண்டும் விரிந்தால், அன்றைய தேதியைக் குளியல், மழைக் குறிப்புகளோடு ஒப்பிடவும், இரண்டாவது கசிவு ஒன்று அதுவரை முதலாவதன் மறைவில் இருந்திருக்கிறது. கூரைக்குப் புதிய பெயின்ட் அடிப்பதை, கோடு முழுவதும் மறைந்து ஒரு மழைக்காலமும் கடந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.